பெரியம்மா மறைத்த கறை

கண்டியில் துணிக்கடை வைத்திருந்த என் பெரியம்மாதான் எங்கள் குடும்பத்திலேயே பருத்தவர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. இளைத்தவர்கள் கடைக்கு வந்தால், துணியை விரிப்பதற்கு முன் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, புசல்லாவையில் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் சடங்குக்கு அவரோடு போனேன். பெண்கள் பெரிய மனுஷி ஆவதென்றால் என்னவென்று அங்கே அக்காமார் எனக்கு விளக்கினார்கள். திரும்பி வந்து கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, முன்னால் போன பெரியம்மாவின் சேலையில் சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. சொன்னேன். யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு என்று முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

அன்றுதான் பாடம் கேட்டவளிடம் அது எடுபடுமா? வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் அறிவித்தேன்.

"பெரியம்மாவும் பெரிய மனுஷி ஆகிட்டாங்க. சடங்கு எப்ப வைப்போம்?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தன் அக்காவுக்கு மாதவிலக்கு நின்று பல வருடங்களாகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். துருவிக் கேட்டபோது, சில மாதங்களாகவே இப்படி என்று பெரியம்மா ஒப்புக்கொண்டார். மறுநாளே அம்மா அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

பரிசோதனையில் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் சொன்னதை அம்மா பின்னாளில் எனக்கு விளக்கினார். உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஈஸ்திரஜன் என்ற ஓமோனை அதுவும் உண்டாக்குகிறது. மாதவிலக்கு நின்றபின் அதை மட்டுப்படுத்தும் இன்னொரு ஓமோன் சுரப்பதில்லை. கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போய், சில கலங்கள் புற்றாக மாறலாம். மெலிந்தவர்களுக்கும் இந்த நோய் வரும். பருத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நல்லவேளையாக, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றாராம்.

பெரியம்மா அசரவில்லை.

"கருப்பைய நீங்க எடுத்திருங்க டாக்டர். உடம்ப நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறார். அவரோடு நடந்தால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, என்னைக் கட்டிலருகே கூப்பிட்டுக் கையை இறுகப் பிடித்தார்.

"நீ மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

கறையைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பெரியம்மா," என்றேன்.

தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, அவர் ஏன் சிரித்துக்கொண்டே அழுதார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.