பன்னிரண்டு கதவுகளுக்கும் ஒரு பழைய விண்டோஸ்

கூக்காலில் பூண்டு மூட்டை சுமந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கொடைக்கானலில் பன்னிரண்டு அறைகளோடு லாட்ஜ் கட்டி, படித்த முதலாளிகளெல்லாம் சாவிக்கொத்தோடு அலைந்தபோதே கதவுக்குக் கார்டு காட்டினால் திறக்கும் பூட்டு போட்டுவிட்டேன்.

ஒரு மே மாத மதியம் இடி விழுந்ததில், கார்டு எழுதும் கம்ப்யூட்டர் செத்துப்போனது. எங்கள் கார்டுகள் ஒரு நாள்தான் செல்லும். எல்லா அறைகளையும் திறக்கும் கார்டுக்கும் கெடு முடிந்திருந்தது. பூட்டு விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். வாசலில் மதுரை வேன் வந்து நின்றது. கொட்டுகிற மழையில் வேனுக்குள் வயசாளிகளும் ஒரு கைக்குழந்தையும். சீசனில் ஊரில் வேறு அறை கிடைக்காது.

நல்லவேளை, பூட்டு புரோகிராமையும் பழைய விண்டோஸையும் மருமகள் பென்டிரைவில் வைத்திருந்தாள். ஆனால் வீட்டிலிருந்த புதுக் கம்ப்யூட்டர் அந்த புரோகிராமை ஏற்கவில்லை.

"இதுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர உண்டாக்குறேன் மாமா. விர்ச்சுவல் மெஷினுன்னு பேரு."

"அதுலயாவது புது விண்டோஸாப் போடு தாயி. நம்ம லாட்ஜுக்கு என்ன கொறச்சல்?"

"புதுசாலதான இந்தப் பாடு! பூட்டுக்குப் பழசுதான் ஒத்துக்கும்."

உள்ளே இருக்கப்போகிற மெஷினுக்கு எவ்வளவு மெமரி என்று திரை கேட்டது. மொத்தத்தையும் கொடுக்கச் சொன்னேன். சீசனில் எங்கள் படுக்கையறையையும் வாடகைக்கு விட்டு, குடும்பத்தோடு சமையற்கட்டில் படுத்து முன்னுக்கு வந்தவன் நான். வேறெப்படிச் சொல்வேன்?

"வேணாமுன்னு சிவப்புல காட்டுது மாமா."

"நான் சொல்றேன், குடு."

திரை அப்படியே உறைந்தது. மவுஸும் அசையவில்லை.

வேன் டிரைவர் நனைந்தபடி வந்தார். "ஐயா, புள்ளைக்கு உடம்பு சில்லுன்னு கெடக்கு, அழக்கூட மாட்டேங்குது. குளிரு கொறஞ்ச பண்ணைக்காட்டுப் பக்கம் எறங்கிரவா?"

"செத்த பொறுப்பா" என்றேன்.

மருமகள் சுவிட்சை அணைத்துப் போட்டாள். "சமையக்கட்டையும் வாடகைக்கு விட்டுட்டா ஆக்கிப்போடுறது யாரு மாமா? வெளிய இருக்குற கம்ப்யூட்டருக்கும் மூச்சுவிட எடம் வேணும்ல?"

என்னை எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு. சரியென்று தலையாட்டினேன். இம்முறை மெமரியில் கால்வாசிதான் கொடுத்தாள். ஜன்னலுக்குள் ஜன்னலாகப் பழைய விண்டோஸ் ஊர்ந்து ஏறியது. வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. புரோகிராம் திறந்தும், கம்ப்யூட்டரில் செருகியிருந்த கார்டு எழுதும் பெட்டியில் சிவப்பு விளக்குதான்.

"பெட்டி இன்னும் வெளிக் கம்ப்யூட்டர்லதான் ஒட்டியிருக்கு" என்று முணுமுணுத்து, எதையோ அழுத்தி அதை உள்ளே மாற்றினாள். விளக்கு பச்சையானது.

அப்போதுதான் எழுதிய முதல் கார்டோடு மழையில் ஓடினேன். ஈரக்கையில் கார்டு ஒருமுறை வழுக்கியது. மறுமுறை கதவு திறந்தது. குழந்தைக்காரப் பெண் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கம்பளியை இழுத்துப் பிள்ளையைப் பொதிந்தாள். கொஞ்ச நேரத்தில் அது வீறிட்டு அழுதது.

"அழுவுது சாமி, அழுவுது" என்றார் டிரைவர்.

நான் இரண்டாம் கார்டுக்கு ஓடினேன்.