ஒத்தக்கண்ணன்

கண்ணுக்குத் தெரிகிற அழுக்கையே பார்க்காத எங்கள் ஊர்க்காரர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சியைக் காட்ட ஒருவர் வந்தார். அறுபதுகளின் கடைசி. கடம்பத்தூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். குடிக்க ஒரே படிக்கிணறுதான். பஞ்சாயத்துத் தலைவரின் தாத்தா வெட்டியது. ஆகவே அதில் குறை இருக்க முடியாது என்பது தலைவரின் கட்சி.

அந்த வருஷம் என் அண்ணிக்கு வலது கணுக்காலில் நரம்புச் சிலந்தி. கொப்புளம் உடைந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். அறுந்துவிடாமல் தினம் கொஞ்சமாக ஈர்க்குச்சியில் சுற்றி இழுக்க வேண்டும். நடவுக்குப் போக முடியவில்லை. இன்னொரு காலிலும் வந்துவிடக் கூடாது என்பதே அவள் கவலை.

சுகாதார இன்ஸ்பெக்டர் கிணற்றுத் தண்ணீரை மொண்டுவந்து, பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்தார். முதல் மரியாதை தலைவருக்கு. அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மையில் ஒரு கண் போய்விட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னதும் பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின.

"இன்னாவோ துள்ளினுகீது. வால்ல ரெண்டு பை தொங்குது" என்றார் தலைவர்.

"அதேதாங்க. சிலந்திப் புழுவோட குஞ்சு இது வயித்துலதான் இருக்கும். தண்ணியோட நாம முழுங்கிடறோம். இதுக்கு மொத்தமே ஒரு கண்ணுதான், அதான் பேரு ஒத்தக்கண்ணன். ஊரையே கெடுக்கறது இவன்தான்."

படித்த மனிதர் பூச்சியின் முகத்தைப் பார்த்த அளவுக்கு எதிரில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள்: "கெணறு வெட்ன தாத்தாவ சொல்றாரா, பேரன சொல்றாரா?"

ஊரே சிரித்தது. தலைவர் நிமிர்ந்தார்.

"யார்கிட்ட இன்னா பேசற நீ? மூட்டய கட்டினு கெளம்பு. எங்க தண்ணிக்கு ஒண்ணும் இல்ல."

இன்ஸ்பெக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போனார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பேச வருகிறவர்கள் பேசிய லட்சணம் இது.

ஒரு வருஷம் கழித்து, அடுத்த வெயில் காலத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்த முறை பூச்சியின் பேரை மாற்றி, மிகப் பணிவாக, "தண்ணித் தெள்ளு" என்றார். அதே பூச்சி, அதே இரண்டு பை.

"தெள்ளா? அப்டி சொல்லு" என்று தலைவர் தலையாட்டினார். சிலந்தி வந்த கால் தண்ணீரில் பட்டால் புழு அங்கே குஞ்சு விடுமாம்; கிணற்றில் யாரும் கால் வைக்காதபடி படிகளை அடைத்துச் சுவர் எழுப்ப அன்றே சம்மதம். அதுவரை, வேட்டித் துணியை இரண்டாக மடித்துத் தண்ணீரை வடிகட்டினால் போதும், பூச்சி துணியிலேயே நின்றுவிடும் என்றார் இன்ஸ்பெக்டர். போன தடவை சொல்ல வாயெடுத்தது அதுதான்.

ஒரு பழைய வேட்டி. அவ்வளவுதான் மருந்து.

குடித்தது காலில் வெளிப்பட ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும் என்றும் சொன்னார். அண்ணி அதைக் கேட்டபடி இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணுக்காலில் முந்தின நாள்தான் கொப்புளம் எழும்பியிருந்தது. தலைவர் கிளம்பியபோது அவள் எழுந்து நிற்கவில்லை. அது மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.