எந்தக் கையில் பிடித்திருந்தேன்

போன வாரம் திருநின்றவூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில் சிவப்புப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற காயின் போன். சும்மா இருக்காமல் ரிசீவரை எடுத்து மோந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? அந்தக் காலத்து ரிசீவரில் பீடி, பாக்கு, தேங்காயெண்ணெய் என்று முன்னால் பேசிவிட்டுப் போனவர் எல்லாருமே மணப்பார்கள்.

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஒரு மில்லில் வேலை. குடும்பம் ஆர்.கே.பேட்டையில். ஞாயிறு மட்டும்தான் வீடு. இருந்த ஒரே செல்போன் மனைவியிடம். தினமும் எட்டு மணிக்கு, மில்லுக்கு எதிர் டீக்கடையில் தொங்கிய பெட்டியில் காசு போட்டு, நாலு வயது மகளைத் தூங்கவைக்கப் பாடுவேன். எனக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. நானே கட்டினேன்: "கம்பி உருளுது ஆராரோ, கண்ணும் சொருகுது ஆரிரரோ." என் குரலைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். வரிசையில் நிற்பவர்கள், "இன்னா தலைவா, இன்னிக்கு கச்சேரி எத்தினி மணி வரிக்கும்?" என்பார்கள்.

பாட்டு முடிந்தால் கேள்விகள். "நைனா, கம்பிக்குத் தூக்கம் வராதா?" இப்படித்தான் முதலில் இருந்தது. ஒருநாள் அம்மாவின் போனை எடுத்து எதையோ அமுக்கியிருக்கிறாள். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல். "அக்கா, சாப்ட்டியா?" என்று மகள் கேட்கக் கேட்க, அந்தக் குரல் சொன்னதையே சொல்லியிருக்கிறது. "அது ரெகார்டுடி" என்றாளாம் என் மனைவி. அன்றிலிருந்து எனக்குப் பரீட்சை ஆரம்பித்தது. நான் நிஜமா, ரெகார்டா? "இன்னா கலர் சொக்கா போட்டுக்கினு இருக்கே? நாஷ்டா இன்னா துன்னே?" சரியாகப் பதில் சொன்னால்தான் தூங்குவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, உருட்டும்போது கம்பி ஒன்று தடம் மாறிச் சீறிக்கொண்டு வந்து என் வலது மணிக்கட்டில் பட்டது. பெரிய கட்டு. சேதி எப்படியோ ஊர்வரை போய்விட்டது. போனை எடுத்ததும் மனைவி, "எவனுக்கோ கையில பட்டுச்சாமே?" என்றாள். "அது வேற மில்லு" என்றேன். உண்மையைச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா என்பாள். அந்தப் பயம் எனக்கு. போன் மகள் கைக்குப் போனது. பாடினேன். ரிசீவர் இடது கையில் இருந்தது.

"நைனா, எந்தக் கையில போன் புடிச்சிக்கினு இருக்கே?"

பக்கத்திலேயே இருந்து அம்மா பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சோத்துக்கையிலதாம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ செரி" என்று கொட்டாவி விட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை.

ஞாயிறன்று கட்டுப்போட்ட கையைத் துணிப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள், ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மனைவி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மகள் அழவில்லை. கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கைன்னுதானே சொன்னே?" என்றாள். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

திங்கட்கிழமை பாட்டு முடிந்தது. காத்திருந்தேன்.

"கேள்வி இல்லியாம்மா?"

"நீ எதுனா சொல்லுவே நைனா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மில்லை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த டீக்கடையும் இல்லை. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் வீடியோவில் வருவாள். "சாப்ட்டியா நைனா?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்பேன். "தட்டைக் காட்டு" என்பாள். போனைத் திருப்பிக் காட்டுவேன்.

நான் சொன்னால் போதும் என்று தூங்கிப்போன பிள்ளை அந்த வெள்ளிக்கிழமையோடு போய்விட்டாள்.