காகிதத்தில் தைத்த கண்வலிப் பூ

ஈரச் செய்தித்தாள் அடுப்புப் புகையில் காயும் வாசனை வந்தால் நான் இன்றும் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். எழுபதுகளில் ஓர் ஆடி மாதம் முழுக்கப் பெருமாட்டி கிராமத்தில் எங்கள் வீடு அப்படித்தான் மணந்தது. பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் தாவரவியல் படித்த அக்கா, தேர்வுக்காகச் செடிகளைப் பறித்து வந்து, பழைய செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, அடுப்புக்கு மேலே பலகையில் காய வைப்பாள். காய்ந்ததைக் கெட்டித் தாளில் தைப்பது அம்மாவின் வேலை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா, புல்லையும் பூண்டையும் புடவைக்கு ஓரம் அடிப்பதுபோல் தைத்துக் கொடுத்துவிட்டு, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளவும் செய்வாள்.

ஒரே ஒரு பூவுக்குத்தான் தடை. வேலியில் பூத்து நிற்கும் செங்காந்தளை எங்கள் பக்கத்தில் 'கண்வலிப் பூ' என்பார்கள். பார்த்தாலே கண் வலிக்குமாம். "அதைய மட்டும் ஊட்டுக்குள்ள கொண்டாந்தராத கண்ணு," என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். ஆசிரியர் கேட்டதோ அதைத்தான், அதுவும் கிழங்கோடு. அக்கா ஒளித்துக் கொண்டுவந்தாள். கிழங்கு தடிமனாக இருந்ததால் நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் செடியோடு அழுத்தினாள். மறுபாதி காயட்டும் என்று அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்தாள். அது நஞ்சு என்று அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னால் பூ வந்தது தெரிந்துவிடுமே.

அன்று ஆடிக் கிருத்திகை. அக்கா தேற வேண்டும் என்று அம்மா முருகனுக்கு விரதம் இருந்தாள். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர். பிறகு சாம்பலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. திட்டில் தான் நறுக்கி வைத்த துண்டுகளோடு அந்தப் பாதியையும் சேர்த்துச் சாம்பலில் தள்ளியிருக்கிறாள். படைத்துவிட்டுச் சாப்பிடும்போது ஒரு துண்டு கசந்தது. முகம் சுளித்தாளே தவிர, துப்பவில்லை.

"சாமிக்குப் படைச்சதத் துப்பக் கூடாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு விழுங்கினாள். அவள் வாந்தி எடுக்கத் தொடங்கியபோதுதான் அக்கா ஓடிப்போய்த் திட்டைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சில நாள் துடித்துவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு, அப்பா அந்தச் செடித் தாள்களை அடுப்பில் போட எடுத்தார். அக்கா பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா வெரதம் இருந்தது இதுக்குத்தானுங்கப்பா."

அப்பா வெளியே போய்விட்டார். அக்கா எல்லாவற்றையும் கல்லூரியில் ஒப்படைத்தாள், தேறினாள், அதற்குமேல் ஒரு செடியையும் தொடவில்லை.

அக்காவும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வருடம்தான் அந்தக் கல்லூரிக்குப் போனேன். பெருமாட்டியில் வேலிகள் எல்லாம் கம்பியாகிவிட்டன. கண்வலிப் பூவைக் கண்டு பல காலம் ஆகிறது. அலமாரியிலிருந்து அக்காவின் பழைய தாள்களைக் கட்டாக எடுத்துத் தந்தார்கள். தாளுக்குத் தாள் அம்மாவின் தையல், நெருக்கமாக, நேராக. பழுப்பேறிய அந்தப் பூவும் பாதிக் கிழங்கும் இருந்த தாளில் மட்டும் தையல் கோணல்மாணலாக ஓடியது. ஊசி பிடிக்கத் தெரியாத அக்கா, தைத்துக் கொடுக்க ஆளில்லாமல், தானே தைத்திருக்கிறாள்.