மூன்றாவது துளையில் வந்த தண்ணீர்

1. கழற்ற வரச் சொன்னார்கள்

வோஷிங் மெஷின் பூட்டத்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவார்கள். கழற்றுவதற்குக் கூப்பிட்டவர் நபீசா ஒருவர்தான். "பாஸ், மெஷினக் கழட்டித் தரணும். வெள்ளிக்கெழம நாங்க வீட்ட விட்டுப் போறம்" என்று போனில் சொன்னார். கண்டியில் கைவேலைக்காரனை பாஸ் என்பார்கள். முதலாளி என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

நபீசாவின் வீடு அம்பிட்டிய வீதியிலிருந்து ஏறும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மலையை வெட்டி எடுத்த இடம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்கல் தாங்குசுவர், சுவருக்கு மேலே இன்னொருவருடைய வீட்டு வளவு. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான். ஒருவருடைய முற்றம் இன்னொருவருடைய கூரைக்கு நேராக இருக்கும்.

சாமான்கள் எல்லாம் பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. கணவர் கட்டாரில் கிடந்து உழைத்துக் கட்டிய வீடு, குடிவந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார்.

"ஊத்துக் கெளம்பிட்டு பாஸ். மழ விட்டு மூணு கெழம ஆகுது. மத்த ஓட்ட எல்லாம் காஞ்சிட்டு. இது மட்டும் நிக்குதில்ல."

மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறுவதற்காகத் தாங்குசுவரில் சின்னச் சின்ன பிவிசி குழாய்களைச் செருகி ஓட்டை விட்டிருப்பார்கள். அந்தச் சுவரில் ஏழு ஓட்டைகள். மூன்று வாரம் மழை இல்லாமல் ஆறு காய்ந்து கிடந்தன. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கல்லில் பாசியும் பிடித்திருந்தது.

நபீசா பயந்ததில் பிழை ஒன்றும் இல்லை. மழைக் காலத்தில் மண் சரிந்து வீடுகள் போனதை எங்கள் ஊர்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மலையில் புதிதாக ஊற்றுத் தெரிந்தால் வெளியேறிவிடுங்கள் என்று ஒலிபெருக்கியில்கூடச் சொல்வார்கள். அது நல்ல புத்திமதிதான். கிராம சேவகர் வந்து பார்த்து மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அதிகாரிகள் இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. மெஷினின் ஹோஸைக் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரை வடித்து, வாளியைக் கொண்டுவந்து பின்பக்கம் ஊற்றினேன். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆர், தம்பியே? நீங்கள் ஏன் அங்க நிக்கிறியள்?"

நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு மேலே, வெயிலில் புத்தகம் காயப்போட்டபடி நாகேஸ்வரி டீச்சர் நின்றார். மழை தொடங்கும்போது அவர் வீட்டில் ஒரு மெஷினுக்கு ஹோஸ் பூட்டிக் கொடுத்தவன் நான்.

2. டீச்சரின் மெஷின்

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் படிப்பித்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். ஓர் அறை முழுக்கப் புத்தகம். பூஞ்சணம் தாங்காமல் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு டீஹியுமிடிபையர் வாங்கி அனுப்பியிருந்தார். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளே இருக்கும் டாங்கியில் சேர்க்கும் மெஷின். டாங்கி நிரம்பினால் ப்ளோட் ஸ்விட்ச் மேலே வந்து மெஷினை நிறுத்திவிடும். நம்முடைய காற்றில் மழை நாட்களில் அது ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரம்பும், மழை விட்டாலும் ஒரு தடவையாவது நிரம்பும்.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி. உந்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. ஏதும் வழி செய்து தாங்கோ" என்றார் டீச்சர்.

வழி சுலபம். மெஷினின் பின்னால் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி ஹோஸ் பூட்டினால் டாங்கி நிரம்ப வேண்டிய தேவையே இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஹோஸ் தொடங்கும் இடத்திலிருந்து முடிவுவரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொய்ந்து வளையக் கூடாது. ஹோஸின் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீர் தானாக இறங்கினால்தான் உண்டு, மேலே ஏறாது.

மூன்றையும் நான் சரியாகத்தான் செய்தேன். மழை தொடங்கும் நேரம் அது. அறைச் சுவரில் துளைபோட்டு ஹோஸை வெளியே எடுத்தேன். வளவு ஓரத்தில் பழைய பிவிசி குழாய் ஒன்றின் வாய், தரையோடு தரையாகத் தெரிந்தது. கூரைப் பீலியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் பழைய குழாய், வீதியோர வடிகால் கானுக்குப் போகிறது என்று முடிவு செய்தேன். ஒரு வாளி ஊற்றினேன். திரும்பி வரவில்லை, மளமளவென்று இறங்கியது. ஹோஸை அதற்குள் விட்டு, சுற்றிவரச் சீமெந்து பூசி மூடினேன். டீச்சர் தேத்தண்ணி தந்தார். எனக்கு என் வேலையில் பெரிய பெருமை.

தண்ணீர் போகிறதா என்று பார்த்தேனே தவிர, எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. டீச்சர் வீட்டுக்கு வேறு வீதியால்தான் போக வேண்டும். அதனால் அந்தச் சுவரின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

3. நீலம்

நபீசாவிடம், "ஒரு பத்து நிமிஷத்துல வாறேன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் சுற்றி மேலே போனேன். போகும் வழியெல்லாம் என் ஹோஸாக இருக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். சீமெந்தைக் கொத்தி எடுத்து, குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு மீற்றர் போனதும் கம்பி சரளைக் கல்லில் முட்டியது. குழாய் எங்கேயும் போகவில்லை. தாங்குசுவருக்குப் பின்னால் நிரப்பிய கல்லுக்குள் முடிந்துவிட்டது.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ கடவுளே. என்ர வீட்டுத் தண்ணியே?" பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஹோஸை எடுத்துவிட்டால் தானாக் காயும்தானே? பிறகேன் போய்ச் சொல்லவேணும்? பக்கத்து வீட்டுச் சனத்தின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த யோசனை வந்து போனது. இந்தத் தொழிலில் பெயர் கெட்டால் போன் அடிக்காது. ஆனால் தண்ணீர் சும்மா நின்றால் நபீசாவின் பயம் நிற்குமா? வந்த ஊற்று ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரியாமல் எந்தத் தாய் அந்த வீட்டில் இருப்பாள்? வெள்ளிக்கிழமை லொறி வந்துவிடும்.

"சொல்லாம விட்டா அவங்க போயிருவாங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் உள்ளே போனார். வெள்ளைச் சீலைக்குப் போட வைத்திருந்த நீலப் போத்தலோடு வந்தார். "இதைக் கலந்து ஊத்துங்கோ. வாயால சொன்னா ஆர் நம்புவினம்? கண்ணால பாக்கட்டும்."

நபீசாவுக்குப் போன் எடுத்து, அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. வாளித் தண்ணீரில் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். ஒரு வாளி, இரண்டு வாளி. போனைக் காதோடு வைத்துக்கொண்டே மூன்றாவதையும் ஊற்றினேன். நான்காவது வாளி முடியும்போது அவருடைய மூச்சு மாறுவது கேட்டது.

"பாஸ்... நீலமா வருது பாஸ்! என்ன இது?"

"அது ஊத்து இல்ல தங்கச்சி. நான் மேல பூட்டின மெஷினோட தண்ணி. பிழை என்னோடது."

4. செருப்பு

கீழே இறங்கிப் போனேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். நபீசா கட்டிவைத்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார். சுவரில் நீலக் கோடு இறங்கிக் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கட சின்னவ மூணு கெழமயா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் படுக்குறா. மல சரிஞ்சு வந்தா ஓடணும் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இனி கழட்டச் சொல்லலாமா பாஸ்?"

ஓம், கழற்றலாம் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு தடவை பார்க்காமல் முடிவு செய்து செய்த வேலையின் பலனைத்தான் அந்தச் சுவரில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தத் தண்ணி என்னோடது, அதுக்கு நான் பொறுப்பு. மலைக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது தங்கச்சி. ஓட்ட காயுதான்னு பாப்போம். ஆபீசர்மார் வந்து சுவரப் பாத்து நல்லதுன்னு சொல்லட்டும். அதுக்குப் பொறகு கழட்டச் சொல்லுங்க."

அன்றே ஹோஸை வளவுக்கு வெளியே திருப்பி, வீதிக் கானில் போய் விழுவதை நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்த லொறியை, வீடு மாற்றுவதற்காகக் கட்டாரிலிருந்து லீவில் வந்து சேர்ந்த நபீசாவின் கணவர் திருப்பி அனுப்பினார். அடுத்த கிழமை அதிகாரிகள் வந்து, சுவரைத் தட்டி அளந்து பார்த்து, பயமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஓட்டை அதற்கு முன்பே காய்ந்திருந்தது. தினமும் காலையில் போய் விரலை விட்டுப் பார்த்தவன் நான்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்கள். அது கடைசியில் விழும் இடத்தில், யாருடைய வீடு என்றாலும், போய் நின்று பாருங்கள். நான் நடக்கச் சோம்பல்பட்ட அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு பிள்ளை மூன்று கிழமை செருப்போடு தூங்கியிருக்கிறது.