இரண்டு அங்குலம்

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினார். மற்ற டிரைவர்கள் முன்னும் பின்னும் உருட்டித் திணறும் சந்தில் இவர் ஒரே திருப்பில் பின்னால் எடுத்துவிடுவார். கிளீனர் இறங்கி, வண்டியைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்று கத்தினால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கத்தாம ஏறுடா. எனக்குக் கண்ணு இருக்கு" என்பார். அதைத் தவிர மனுஷனுக்குப் பெருமை என்று எதுவும் கிடையாது. வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு ஏழு முறை சாமான் ஏற்றியவர்.

ஒருநாள் தார்ப்பாய் கட்டும்போது லாரி மேலிருந்து விழுந்தார். இரண்டு காலும் போயின. கையில் மட்டும் பழைய பலம் அப்படியே இருந்தது. கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. எப்போதோ வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டுவது என்று முடிவானது. மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஹால் எப்படி வேணா இருக்கட்டும், கூரை எப்படி வேணா இருக்கட்டும். யாரையும் கூப்பிடாம நானே பாத்ரூம் போயிட்டு வரணும். அது போதும்டா எனக்கு."

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் டாக்டர் ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவை அனுப்பிவைத்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் துணிப்பை, கையில் டேப். வந்ததும் மனையைப் பற்றிக் கேட்கவில்லை. வாடகை வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் சுற்றினார். சக்கர நாற்காலியின் அகலம், மாமாவின் முழங்கை உயரம், எந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கேட்டார்.

"சார், பாத்ரூமுக்கு எப்படிப் போறீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா? சும்மா, இப்படியே."

மாமா உடனே தயாரானார். கதவருகே நாற்காலியை நிறுத்தி, ஸ்டூலுக்குத் தாவி, தேய்த்துத் தேய்த்து உள்ளே போய்க் காட்டினார். அந்த அம்மா ஹால் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ள நாற்காலியைத் திருப்ப முடியுமா?" என்றார்.

"பந்தயமா?" என்றார் மாமா. ஒரே திருப்பு. சாக்பீஸ் கோடு அழியவில்லை. விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. ஒரு ஆம்பளை கக்கூஸ் போவதை வெளியாள் நின்று பார்ப்பதா! வாசல் வரை வந்து அந்த அம்மாவிடம் சத்தம் போட்டேன்.

"நீங்க வீட்டுக்குப் படம் போட வந்தீங்களா, மனுஷன அசிங்கப்படுத்த வந்தீங்களா?"

"உள்ள இருக்கப்போறவர பாக்காம எதைங்க வரையறது?" என்றார். என் மண்டையில் ஏறினால்தானே! இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

"அந்த அம்மா நல்லாத்தானே விசாரிச்சாங்க" என்றாள் அக்கா.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். நான் பாத்துக்கறேன்."

தெரிஞ்சவர்! எங்கள் ஆபீஸ் கேஷியரின் மச்சினர், அவ்வளவுதான் தெரியும். அவர் வாடகை வீட்டுப் படி ஏறியதே இல்லை. தெருவில் பைக் மேல் உட்கார்ந்தபடியே போனில் கலர் படம் காட்டினார். கண்ணாடிக் கைப்பிடி, படிக்கட்டுக்கு அடியில் விளக்கு, வாசலில் எங்களிடம் இல்லாத ஒரு கார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். சக்கர நாற்காலி போகவேண்டுமே என்று ஒரு வார்த்தை கேட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். "எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ் சார், ஊரே அதுலதான் போய் வருது" என்றார். அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவன், யாரை வைத்துக் கட்டுகிறாய் என்று பார் எனவும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வேலை நடக்கும்போது மாமா இரண்டு முறை கேட்டார், "ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டேன்டா."

"மணலும் ஜல்லியுமா கெடக்கு மாமா. முடிஞ்சதும் ராஜா மாதிரி வாங்க."

ராஜா வந்தார். குடிபோன அன்று சொந்தக்காரர்கள் கண்ணாடிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேராக பாத்ரூமுக்கு உருட்டிக்கொண்டு போனார். நிலையில் சக்கரம் இடித்தது. பின்னால் எடுத்து, கோணம் மாற்றி மறுபடி வந்தார். இடித்தது. மூன்றாவது முறை இடித்தபோது சொந்தக்காரர்கள் கைப்பிடியை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா நிலையில் விரல்களை வைத்து அளந்தார்.

"ரெண்டு அங்குலம் பத்தலடா."

திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை அறைந்திருந்தால் இன்னும் தேவலை.

படக்காரருக்குப் போன் செய்தேன். "கதவைக் கழட்டிட்டு ஸ்கிரீன் போட்டுக்குங்க சார்" என்றார். கழற்றினோம், நிலை அப்படியேதானே நிற்கிறது! இடிக்கலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் மாடியைத் தாங்கும் தூண், மறுபக்கம் படிக்கட்டு. "இடிச்சாலும் உள்ள நாற்காலி திரும்பாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு இடத்தில் ஒன்று கட்டலாம் என்றால் கையில் மிச்சமில்லை. மிச்சமெல்லாம் கண்ணாடிக் கைப்பிடியில் இருக்கிறது. பழைய ஸ்டூலைப் போட்டுப் பார்த்தோம். பளபளவென்ற டைல்ஸில் அது வழுக்கி, ஒரே வாரத்தில் மாமாவின் தோள் பிசகியது.

அக்காவால் தூக்க முடியாது. அதனால் இந்த இரண்டு வருஷமாக தினமும் காலை ஆறு மணிக்கு நான் போகிறேன். அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று குதித்தவன் நான். இன்று அவர் லுங்கியை அவிழ்த்துவிடுவதும் நான்தான். அவமானம் யாருக்கு வரும் என்று பயந்தேனோ, அவருக்கே தினமும் என் கையால் கொடுக்கிறேன்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, நான் பின்பக்கமாக நடந்து உள்ளே போகவேண்டும். எனக்குப் பின்னால் தெரியாது. ஆரம்பத்தில் இரண்டு முறை தடுக்கினேன். அதற்குப் பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவரே வழி சொல்கிறார். என் முதுகை மெதுவாகத் தட்டுகிறார்.

"வரலாம்... வரலாம்..."