ஏழாம் நம்பர் செருப்பு

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். அவர்களுக்கு அது புண்ணியம், எங்களுக்குப் பிழைப்பு. கிரிவலப் பாதை தொடங்கும் இடத்தில், ஒரு மதில் ஓரமாக அம்மா தார்ப்பாய் விரித்துச் செருப்புகளை வாங்கி வைப்பாள். அட்டையில் எண் எழுதி ஒரு துண்டைச் செருப்பில் செருகி, இன்னொன்றை ஆள் கையில் கொடுப்பாள். அப்பா எங்களை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். கடைசி வருடம் சில பேப்பர்களைப் பாக்கி வைத்துவிட்டு வந்தவர். ஊரில் யாரும் அவரிடம் எந்தக் கணக்கையும் கேட்டதில்லை. அதுதான் அவருடைய மனக்குறை.

அந்த வருடம் எங்கள் பேச்செல்லாம் கூரையைப் பற்றியே இருந்தது. வேங்கிக்கால் பக்கம் காலி மனை ஒன்றின் ஓரத்தில் எங்கள் வீடு. ஓலை மட்கிப் போயிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் தகரம் போட்டுவிட வேண்டும் என்று அம்மா வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். முந்தைய மழையில் நான் பாத்திரங்களுக்கு நடுவே காலை மடக்கித் தூங்கியிருக்கிறேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது.

ஒருநாள் மாமா ஒரு யோசனையோடு வந்தார். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் திரும்பி வரும்போது அது இருப்பதில்லை. மலை சுற்றிக் கால் கொப்பளித்த ஆள் பஸ் ஸ்டாண்டு வரை எப்படிப் போவான்? நாம் ரப்பர் செருப்பு விற்கலாம். ஆம்பூரில் மொத்தக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மூட்டை மூட்டையாகத் தருகிறார். ஆனால் ஒரு மூட்டை முழுக்க ஒரே அளவாக எடுத்தால்தான் விலை கம்மி.

"ஆளுக்கு ஒரு அளவுல காலு இருக்குமேடா" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான்க்கா சராசரின்னு ஒண்ணு இருக்குது" என்றார் மாமா. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆவணிப் பௌர்ணமிக்கு வேலை ஆரம்பமானது. அம்மா செருப்பை வாங்குவாள். நான் திருப்பிப் போட்டு அடியில் அச்சடித்த எண்ணைக் கத்துவேன். மாமா எழுதிக்கொள்வார். ஐந்து, ஒன்பது, ஒன்பது, ஐந்து, ஆறு, எட்டு. தேய்ந்து போன எண்ணைக் கண்டுபிடிக்க எச்சில் தொட்டுத் துடைப்பேன். அம்மா தலையில் குட்டுவாள். பொழுது சாய்ந்ததும் மாமா எல்லாவற்றையும் கைப்பேசியில் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தார். ஏழுக்கு மிக அருகில் வந்து நின்றது.

"ஏழு!" என்றார், தேரை நிலைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் போல.

சராசரி என்றால் என்ன என்று கேட்டேன். வருகிற எல்லாருக்கும் பொதுவாக நடுவில் இருக்கிற ஆள் என்று சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இந்தக் கூட்டத்தில் எங்கோ ஏழாம் நம்பர் காலோடு ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். அடுத்த பௌர்ணமிக்கு அவர் தம் சொந்தக்காரர்களோடு வந்து எங்கள் மூட்டையை வாங்கிக்கொள்வார்.

கூரைக்கு வைத்திருந்ததை அம்மா எடுத்துக் கொடுத்தாள். ஆம்பூருக்கு மாமாவோடு நானும் போனேன். கடை பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழு மட்டுமா தம்பி?"

"ஏழு மட்டும்தான் பாய்."

"நல்லா யோசிச்சுக்க. ஏழு எங்கிட்ட ஜாஸ்தியாவே கெடக்குது" என்று சொல்லி, தூசி தட்டி மூட்டைகளை எடுத்துப் போட்டார். விலையிலும் கொஞ்சம் குறைத்தார். மாமா அதைத் தன் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

புரட்டாசிப் பௌர்ணமி முடிந்த காலை, வெயில் ஏறுவதற்குள் கூட்டம் எங்கள் தார்ப்பாயைச் சூழ்ந்தது. மாமா சொன்னதில் அதுவரை பிழையில்லை. செருப்பைத் தொலைத்தவர்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருத்தி காலை நுழைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, இது படகாட்டம் இருக்குது. துடுப்பும் தருவீங்களா?"

பின்னால் நின்ற பெரிய உடம்புக்காரர் போட்டுப் பார்த்தார். "குதிகாலு பாதி ரோட்டுல நிக்குதேப்பா. வேற இல்லியா?"

"அளவு சரியாத்தாங்க இருக்கும், நடந்தா படிஞ்சிடும்" என்றார் மாமா.

"எது படியும்? என் காலா?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. பெண்களுக்கெல்லாம் பெரிதாக இருந்தது, ஆண்களுக்கெல்லாம் சின்னதாக இருந்தது. நான் மதில்மேல் ஏறி நின்று சராசரி வருகிறாரா என்று பார்த்தேன். ஒரு கல்லூரிப் பையன் வந்து போட்டான், சரியாக இருந்தது. "இவர்தான்!" என்று கத்தினேன். அவன் ஒரே ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு, யாரும் கேட்டு வராத பழைய செருப்புகள் மிஞ்சின. அளவு வாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னாள் அம்மா. தேடி வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். நான் மதிலோரம் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அடுக்கு கட்டினேன். ஐந்து என் இடுப்பு வரை ஏறியது. ஆறு முழங்கால் வரை. எட்டும் அப்படியே. ஒன்பது கிட்டத்தட்ட ஐந்துக்குச் சமமாக நின்றது. நடுவில், ஏழின் இடத்தில், ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு ஒன்று தரையில் கிடந்தது.

மாமா அதைப் பார்த்தார். கிட்டே வந்து குந்தினார். பிறகு அடுக்குகளைக் கலைத்து, சின்னதிலிருந்து பெரியது வரை எல்லாவற்றையும் ஒரே வரிசையாகத் தார்ப்பாய் நெடுக வைக்கச் சொன்னார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். நடுவில் அந்த ஒற்றை ஏழு மிஞ்சியது.

"மாமா, இப்பவும் ஏழுதான்!" என்று நான் குதித்தேன். அவர் கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாமா அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்தார். "கூட்டி வகுத்தாலும் ஏழு. வரிசையில நடுவுலயும் ஏழு. ஆனா ஜாஸ்தி ஆளு அந்தப் பக்கம் ஒரு குவியலு, இந்தப் பக்கம் ஒரு குவியலு. நான் பள்ளத்துல போய்க் கடை போட்டிருக்கேன்க்கா. இதை மொதல்லயே அடுக்கிப் பாத்திருக்கணும்."

அம்மா தார்ப்பாயை உதறி மடித்தாள்.

அந்த ஐப்பசியில் தகரம் வரவில்லை. பழைய விளம்பரப் பேனர் ஒன்றைக் கூரைமேல் இழுத்துக் கட்டினோம். ஆணி அடித்த இடம் கிழியாமல் இருக்க, மாமா ஏழாம் நம்பர் செருப்புகளை வட்டம் வட்டமாக வெட்டி ஒவ்வோர் ஆணிக்கும் அடியில் கொடுத்தார். ஒழுகத்தான் செய்தது, ஆனால் முன்பு போல இல்லை. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகத் திரிந்து, பல கூரைகளுக்குக் கீழே படுத்துவிட்டேன். மழைநாளில் ஆணியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் எனக்கு அன்றைக்குப் புரியாதது கணக்கு மட்டும் இல்லை. மழை தொடங்கிய மறுநாள், கடைக்குப் போகிறேன் என்று அம்மா மூட்டையிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்து மாட்டினாள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் ரப்பர் நீட்டிக்கொண்டிருந்தது. நடக்கும்போது படக் படக்கென்று சேற்றை முதுகு வரை வாரி அடித்தது. மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை நடந்து காட்டினாள்.

"எனக்குக் கச்சிதமா இருக்குதுடா" என்றாள்.

எண் பார்த்துப் பழகியவள் நான். "அம்மா, உனக்கு அஞ்சு" என்றேன். அவள் என் தொடையில் வலிக்கக் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்கு எதற்காகக் கிள்ளுகிறாள் என்று அன்று முழுக்க அழுதேன்.